லெவல் ஏற ஏற யானை என்ன ஆகிறது?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கிளிநொச்சியில் ஒரு சிறு குழு சொந்தமாக ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு) எழுதுகிறார்கள். களம் ஒல்லாந்தர் காலத்து வன்னி: பனங்காமம், முள்ளியவளைப் பக்கத்துக் காடு, குளங்கள், வன்னிமைகள் என்ற சிற்றரசர்கள், யானை பிடிப்பவர்கள். டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸில் (சுருக்கமாக டி அன்ட் டி) இருப்பதுபோல 20 லெவல், அதாவது ஆட ஆட ஆள் ஏறும் படிகள், வைப்பதா, குறைப்பதா, ஒவ்வொரு லெவலுக்கும் எதை எவ்வளவு கூட்டுவது என்று கேட்கிறார்கள்.

என் பதில், 6 லெவல் போதும். தாக்கும் எண்ணையும் (அடிக்கும்போது டைஸோடு கூட்டும் எண்) ஹிட் பாயின்டையும் (எவ்வளவு சேதம் தாங்கலாம் என்ற அளவு, தீர்ந்தால் ஆள் விழுவார்) மெல்ல மெல்ல ஏற்றுங்கள். லெவல் ஏறியதன் பலனைப் பெரிய இலக்கங்களாகக் கொடுக்காமல், அந்த ஆளால் புதிதாகச் செய்யக்கூடிய காரியங்களாகவும் அவருக்குப் பின்னால் வந்து நிற்கும் ஆட்களாகவும் கொடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காரணம் பிடிபட்டால் இலக்கங்களை நீங்களே என்னைவிட நன்றாகப் போட்டுக்கொள்வீர்கள்.

யானையில் தொடங்குவோம். உங்கள் களத்தில் யானையைவிடப் பெரிய பொருள் இல்லை. வன்னிமைகள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தது யானையை. இன்றைக்கும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கதிர் முற்றும் நேரத்தில் ஆட்கள் இரவிரவாகக் காவல் கொட்டிலில் விழித்திருப்பது யானைக்காகத்தான்.

2014இல் வந்த டி அன்ட் டி ஐந்தாம் பதிப்பில் யானைக்கு ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எட்டவேண்டிய இலக்கு) 12, ஹிட் பாயின்ட் 76. தந்தத்தால் ஒரு குத்து குத்தினால் சராசரி 19 சேதம். (எங்கள் நாட்டு யானைகளில் கொம்பன் குறைவு. உங்கள் விதியில் அதைத் தலையால் மோதுவது என்று எழுதிக்கொள்ளுங்கள், இலக்கம் அப்படியே இருக்கட்டும்.) முதல் லெவல் வீரனுக்கு 12 ஹிட் பாயின்ட் இருக்கும். ஒரு குத்தோடு ஆள் விழுந்துவிடுவான். நாலு பேர் சேர்ந்து அடித்தாலும் யானை சாய நாலைந்து சுற்று வேண்டும், அதற்குள் அந்த நாலு பேரும் ஒவ்வொருவராக விழுந்துவிடுவார்கள். ஆகவே முதல் லெவலில் புத்தியுள்ள குழு யானையோடு சண்டைக்குப் போகாது. தீப்பந்தம் கொளுத்தும், மரத்தில் பரண் கட்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கும், பறை அடிக்க ஊராரைக் கூப்பிடும். வயல்காரர் செய்வதையே அவர்களும் செய்வார்கள்.

5ஆம் லெவலில் மந்திரவாதிக்கு ஃபயர்பால் கிடைக்கிறது: எட்டு ஆறுபக்க டைஸ், சராசரி 28 சேதம். அதே லெவலில் வீரனுக்கு ஒரு சுற்றில் இரண்டு வெட்டு. இப்போது யானை இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். 11ஆம் லெவல் குழு நன்றாக ஆடினால் ஒரே சுற்று. யானையின் இலக்கம் ஒன்றுகூட மாறவில்லை, வயல் மாறவில்லை, புத்தகமும் அதேதான். ஆனால் யானைக்காக விழித்திருக்கும் ஊர் என்ற உங்கள் கதை அந்த மேசையில் இனி ஓடாது.

லெவல் ஏற்றம் ஆடுபவருக்குக் கிடைக்கும் பரிசு என்று நாம் வழக்கமாக நினைக்கிறோம். ஆடுபவருக்கு அது பரிசுதான். விளையாட்டை எழுதுகிறவருக்கு அது வேறொரு தீர்மானம்: இந்த உலகத்தில் எந்தப் பொருள் எதுவரைக்கும் பயப்பட வைக்கவேண்டும், எப்போது பயம் தெளியலாம். அந்தத் தீர்மானத்தை நீங்கள் எடுக்காமல் விட்டால் லெவல் அட்டவணை தானாகவே எடுத்துவிடும், பெரும்பாலும் நீங்கள் விரும்பாத விதமாக.

லெவல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளியும். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட செயின்மெயில், சிறு உருவங்களை வைத்து ஆடும் படைப்போர் விளையாட்டு. அதன் கற்பனைப் பகுதியில் 'ஹீரோ' என்ற உருவம் நாலு ஆட்களுக்குச் சமமாகச் சண்டை போடும், 'சூப்பர் ஹீரோ' எட்டு ஆட்களுக்குச் சமம். டேவ் ஆர்னசன் தன் பிளாக்மூர் களத்தில், சாதாரண ஆளாகத் தொடங்கி ஆட ஆட மேலே ஏறும் முறையைக் கொண்டுவந்தார். 1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் டி அன்ட் டியை வெளியிட்டபோது 4ஆம் லெவல் வீரனின் பட்டம் 'ஹீரோ', 8ஆம் லெவலில் 'சூப்பர் ஹீரோ'. ஆக, லெவல் பிறக்கும்போதே அது ஆட்கணக்கு: இவன் ஒருவன் எத்தனை பேருக்குச் சமம்.

அந்தப் பழைய விளையாட்டில் ஏற்றத்தோடு சேர்த்துத் தடைகளும் வைத்திருந்தார்கள், பிற்காலத்தில் பலர் தடைகளை விட்டுவிட்டு ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1981 பதிப்பில் வீரன் 2ஆம் லெவலுக்கு 2,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சேர்க்கவேண்டும். பிறகு 4,000, 8,000, 16,000 என்று இரட்டித்துக்கொண்டே போகும். எக்ஸ்பியில் பெரும்பகுதி கொன்றதற்குக் கிடைப்பதில்லை, பத்திரமாக வெளியே கொண்டுவந்த செல்வத்துக்குத்தான்: ஒரு பொற்காசுக்கு ஒரு எக்ஸ்பி. ஆகவே சண்டையைத் தவிர்த்துப் பொருளை எடுக்கிற குழுதான் வேகமாக ஏறியது. நிலவறையில் ஆழம் போகப் போக எதிரி பெரிதாகும், எவ்வளவு ஆழம் போவது என்பதை ஆடுபவர்களே முடிவு செய்வார்கள். பிறகு 9ஆம் லெவலில் வீரன் பிரபு ஆகிவிடுவான், கோட்டை கட்டுவான், ஆட்கள் வந்து சேருவார்கள். அதற்கு மேல் விளையாட்டின் வேலையே வேறு.

உங்கள் வன்னிக் களத்துக்கு இவை எல்லாமே பொருந்தும். பின்னால் அதற்கு வருகிறேன்.

சரி, இலக்கங்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தது: இருபதுபக்க டைஸை உருட்டு, உன் எண்ணைக் கூட்டு, இலக்கை எட்டினால் வெற்றி. வீரனுக்கு லெவலுக்கு ஒன்றாகத் தாக்கும் எண் ஏறி 20ஆம் லெவலில் +20 ஆகும், மந்திரவாதிக்கு +10. பயிற்சி எடுத்த ஒரு திறனில் 23 வரை ஏற்றலாம், எடுக்காதவருக்குப் பூச்சியம். டைஸுக்கோ பக்கம் இருபதுதான். ஒரே குழுவில் இரண்டு பேருக்கிடையில் வித்தியாசம் இருபதைத் தாண்டிவிட்டால் டைஸுக்கு வேலை இல்லாமல் போகிறது. ஒருவர் தோற்கவே மாட்டார், மற்றவர் வெல்லவே மாட்டார். மரமேறும் சோதனை ஒன்றை யாருக்கென்று வைப்பீர்கள்? ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் இலக்கை உயர்த்தினால் ஒருவர் மட்டும் ஆடுவார், தாழ்த்தினால் அவருக்குச் சலிக்கும்.

இதற்கு மருந்தாக எல்லோரையும் எல்லாவற்றிலும் சேர்த்து ஏற்றினால் இன்னொரு சிக்கல். 1ஆம் லெவலில் +5ஓடு 15 என்ற இலக்கை அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். டைஸில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், 55 சதவீத வாய்ப்பு. 15ஆம் லெவலில் உங்கள் எண் +20 ஆகிவிட்டது, எதிரியின் இலக்கும் 30 ஆகிவிட்டது. இப்போதும் 10தான் விழவேண்டும், அதே 55 சதவீதம். இவ்வளவு தூரம் ஆடி வந்தவர் டைஸில் பார்ப்பது அன்று பார்த்த அதே இலக்கம். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் இது எல்லோர் கண்ணுக்கும் பட்டது, ஏனென்றால் அதில் லெவலில் பாதி அநேகமாக எல்லா எண்ணிலும் சேரும், லெவலும் 30 வரை போகும். அந்தப் பதிப்பைக் குறைசொல்லி விட்டுவிடவும் மனம் வரவில்லை. 'மினியன்' என்றொரு நல்ல யோசனை அதில் இருந்தது. முன்பு பயப்படவைத்த அதே இனத்து எதிரி, பின்னால் ஒரே ஒரு ஹிட் பாயின்டோடு கூட்டமாக வருவான். நீங்கள் ஏறியிருக்கிறீர்கள் என்பதை ஆடுபவர் கையால் உணர்வதற்கு அது நேரான வழி.

கணினி விளையாட்டில் இதே கோளாறு 2006இல் வந்த ஆப்லிவியனில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆடுபவர் ஏற ஏற வழிப்பறிக்காரர்களும் கூடவே ஏறி, கடைசியில் அபூர்வமான கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு காசு பறிக்க நின்றார்கள். உலகம் ஆடுபவரைப் பார்த்து ஏறினால் அது உலகமாக இல்லாமல் போகிறது. மேசையில் இதைச் செய்யும் பழக்கம் நம்மிடமும் உண்டு. முதல் லெவலில் பனை ஏற 15 என்று வைத்த கேம் மாஸ்டர், 8ஆம் லெவலில் அதே பனைக்கு 22 என்பார். பனை வளரவில்லையே. 15 என்றால் 15ஆகவே விடுங்கள், ஏறட்டும்.

செங்குத்தாக ஏறும் கணக்குகளில் நன்றாகக் கட்டப்பட்டது என்று நான் நினைப்பது 2019இல் வந்த பாத்ஃபைன்டர் இரண்டாம் பதிப்பு. அதில் பயிற்சி உள்ள எல்லாவற்றிலும் உங்கள் லெவல் முழுதாகச் சேரும். குழுவின் லெவலிலேயே உள்ள எதிரிக்கு மதிப்பு 40, இரண்டு லெவல் மேலே உள்ளவனுக்கு 80, நாலு லெவல் மேலே உள்ளவனுக்கு 160. இரண்டு லெவலுக்கு ஒருமுறை பலம் இரட்டிக்கிறது என்று வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கு மேசையிலும் பொய்க்காது. சண்டையை முன்கூட்டியே சரியாக அளந்து வைக்க விரும்பும் கேம் மாஸ்டருக்கு அது பெரிய உதவி. ஐந்தாம் பதிப்பு எதிர்ப் பக்கம் போனது. பயிற்சி எண் 20 லெவலிலும் +2இலிருந்து +6 வரைதான் ஏறும், லெவலால் ஏறும் வலிமை போன்ற அடிப்படைத் திறன் எண்ணும் 20ஐத் தாண்டாது. எதிரியை அடிக்கும் வாய்ப்பு மெல்ல ஏறுகிறது, சேதமும் ஹிட் பாயின்டும்தான் பெரிதாக ஏறுகின்றன.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வயல்வெளியில் பார்ப்போம். ஒரு பக்கம் 20ஆம் லெவல் வீரன், முழுக் கவசம், கேடயம். எதிர்ப் பக்கம் 40 சாதாரண வில்லாளர். ஐந்தாம் பதிப்பில் கொப்ளின் என்ற சிறு எதிரியின் அளவுக்கு, தாக்கும் எண் +4, அம்புக்குச் சராசரி ஐந்தரை சேதம் என்று வைத்துக்கொள்வோம். வீரனின் ஆர்மர் கிளாஸ் 20, ஆகவே டைஸில் 16 அல்லது மேல் விழவேண்டும், நாலில் ஒரு அம்பு படும். சுற்றுக்குப் பத்து அம்பு, 55க்கு மேல் சேதம். வீரனின் ஹிட் பாயின்ட் 164. நின்ற இடத்திலேயே நின்றால் மூன்றாம் சுற்றில் விழுவான். பாத்ஃபைன்டரில் அதே காட்சி: கொப்ளினின் தாக்கும் எண் +8, 20ஆம் லெவல் வீரனின் ஆர்மர் கிளாஸ் நாற்பதைத் தாண்டும். டைஸில் 20 விழுந்தாலும் கூட்டுத்தொகை 28. அந்த விதியில் 20 விழுந்தால் பலன் ஒரு படி உயரும், ஆனால் பத்துக்கு மேல் பின்தங்கியதால் ஏற்கெனவே படுதோல்வி, ஒரு படி ஏறினாலும் தோல்விதான். 40 பேர் என்ன, 400 பேர் நின்று எய்தாலும் ஒரு அம்புகூடப் படாது.

இங்கேதான் உங்கள் வன்னிமை வருகிறார். ஒரு தனி மனிதனை 400 பேரால் தொட முடியாத உலகத்தில் வன்னிமைக்கு எதற்கு ஆட்கள்? எதற்கு ஊர், எதற்குத் திறை, எதற்கு அயல் வன்னிமையோடு உறவு? 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது தன்னோடு வந்த ஆட்களை வைத்து. அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்றது, எதிர்பாராத நேரத்தில் எதிரிப்படை வந்து தாக்கியதால். எவ்வளவு பெரிய வீரனையும் எண்ணிக்கையும் நேரமும் வெல்லும் என்ற உலகத்தில்தான் அந்த வரலாறு நடக்க முடியும். செங்குத்தான ஏற்றம் அதை நடக்க விடாது. ஆகவே உங்கள் களத்துக்குப் பாத்ஃபைன்டர் வழி ஒத்துவராது என்பது என் முடிவு. அது நல்ல விளையாட்டு, வேறு கதைக்கு.

ஐந்தாம் பதிப்பின் வழியை அப்படியே எடுத்தாலும் போதாது, ஏனென்றால் அங்கே ஹிட் பாயின்ட் ஏறுகிறது. விழுந்தால் பத்தடிக்கு ஒரு ஆறுபக்க டைஸ் சேதம் என்பது விதி. 60 அடிப் பனையின் உச்சியிலிருந்து சீவல்காரர் கை தவறினால் ஆறு டைஸ், சராசரி 21, ஆகக்கூடியது 36. முதல் லெவல் வீரனுக்கு இருப்பது 12. அநேகமாக விழுந்துவிடுவான், டைஸ் மோசமாக இருந்தால் அந்த இடத்திலேயே சாவு. 5ஆம் லெவலில் அவனுக்கு 44 ஹிட் பாயின்ட். ஆகக்கூடிய சேதம் 36தான் என்பதால், காயமில்லாமல் இருக்கும்போது அந்தப் பனையிலிருந்து குதித்தால் எப்படியும் எழுந்து நடப்பான். ஏணி தேவையில்லை, தளைநாரும் தேவையில்லை. ஹிட் பாயின்ட் என்பது உடம்பு மட்டுமல்ல, அதிர்ஷ்டமும் சமாளிப்பும் சேர்ந்தது என்று புத்தகங்கள் விளக்கம் சொல்லும். சண்டையில் அது சரி, பனையில் எடுபடாது. பனை அடியில் நின்று பார்த்த யாரும் அதை ஏற்கமாட்டார்கள்.

இதில் வன்னிக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். உங்கள் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் 2009இல் முடிந்த போரைக் கடந்து வந்த வீடுகளின் பிள்ளைகள். அந்த வீடுகளில் காயம், இடப்பெயர்வு, ஆளைத் தேடுவது எல்லாம் கதைப்புத்தகச் சொற்கள் இல்லை. ஹிட் பாயின்ட் நிறைய இருந்தால் காயத்துக்கு எடையே இல்லை, ஒரு இரவு தூங்கினால் எல்லாம் சரி. குறைவாக இருந்தால் ஒவ்வொரு காயமும் கனக்கும். நான் குறைவான பக்கத்தையே சொல்கிறேன், ஆனால் அதை வைக்கும்போது கூடவே இரண்டு வேலை செய்யுங்கள். எதை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று ஆட்டம் தொடங்க முன்பே எல்லோரும் கதைத்துக்கொள்ளுங்கள். பின்வாங்குவது, சரணடைவது, பேசித் தீர்ப்பது ஆகியவற்றுக்குச் சண்டைக்கு இருப்பதைப் போலவே தெளிவான விதி எழுதுங்கள். சாவு பக்கத்தில் இருக்கும் விளையாட்டில் தப்பும் வழியும் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

அடுத்தது, பலர் கணக்கில் எடுக்காத ஏற்றம்: லெவலோடு வரும் வல்லமைகள். இலக்கங்களை எவ்வளவு தட்டையாக வைத்தாலும் இது உலகத்தைப் புரட்டிப் போடும். மழை பொய்த்து, குளம் வற்றி, இரண்டு ஊருக்கிடையில் தண்ணீர்ச் சண்டை என்று ஒரு கதை எழுதுகிறீர்கள். வன்னிக்கு இதைவிட இயல்பான கதை கிடையாது. ஐந்தாம் பதிப்பில் 5ஆம் லெவல் பூசகருக்கு உணவும் நீரும் உண்டாக்கும் மந்திரம் இருக்கிறது: 30 கலன் தண்ணீர், 15 பேருக்கு ஒரு நாளுக்குப் போதும். ஊருக்கு அது காணாது, வயலுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் உங்கள் குழுவின் தாகம் அன்றோடு தீர்ந்தது. ஊர் தவிக்கிறது, இவர்கள் தவிக்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் அந்த ஊரின் ஆட்களாக இல்லாமல் உதவிக்கு வந்த வெளியாட்கள் ஆகிவிடுகிறார்கள். அதே 5ஆம் லெவலில் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரமும் வருகிறது. ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம்தான், ஆனாலும் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை காடு வழியே போவதற்கு நீங்கள் எழுதிவைத்த ஆறும் கரடியும் பறப்பவருக்குக் கீழே தங்கிவிடும்.

இதனால்தான் மூன்றாம் பதிப்புக் காலத்தில் சிலர் 6ஆம் லெவலோடு நிறுத்தும் ஈ6 என்ற முறைக்குப் போனார்கள். 6க்கு மேல் லெவல் கிடையாது, ஒவ்வொரு 5,000 எக்ஸ்பிக்கும் ஒரு புதிய சிறப்புத் திறன் மட்டும். ஆள் அகலமாக வளர்வார், உயரமாக வளரமாட்டார். பத்து பேர் சூழ்ந்துகொண்டால் கடைசிவரை பயம் இருக்கும்.

லெவலே இல்லாத வழியும் உண்டு. 1978இல் வந்த ரூன்க்வெஸ்டில் எந்தத் திறனை உபயோகித்தீர்களோ அது வளரும். ஆட்டம் முடிந்ததும் அந்தத் திறனுக்கு நூறுக்கு ஒரு உருட்டு, உங்கள் தற்போதைய அளவுக்கு மேல் விழுந்தால்தான் ஏற்றம். தெரிந்தவருக்கு மேலும் கற்பது கடினம் என்பது அந்த ஒரு விதியிலேயே வந்துவிடுகிறது. ஹிட் பாயின்டோ உடற்கட்டைப் பொறுத்தது, அனுபவத்தோடு ஏறாது. பழுத்த வீரனையும் ஒரு ஈட்டி கொல்லும். அதற்கு ஓர் ஆண்டு முன் வந்த டிராவலரில் ஆள் விளையாட்டுக்குள் வரும்போதே பாதி வாழ்க்கையை முடித்துவிட்டுத்தான் வருவார், பிறகு பெரிதாக ஏறுவதில்லை. நீங்கள் லெவலை விட்டுவிடவும் யோசித்தால் ரூன்க்வெஸ்ட் வழியைப் படியுங்கள். ஆனால் உங்கள் குழுவில் புதியவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஏறினேன் என்று சொல்லிச் சந்தோஷப்படுவதற்கு ஒரு லெவல் இருப்பது புதியவருக்கு நல்லது, அதை அவர்களிடமிருந்து எடுக்கவேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். முதல் லெவலில் 10 ஹிட் பாயின்ட், லெவலுக்கு 2 கூட்டுங்கள், 6ஆம் லெவலில் 20. தாக்கும் எண் +3இல் தொடங்கி ஒரு லெவல் விட்டு ஒரு லெவல் ஏறி +5இல் நிற்கட்டும். ஆயுதச் சேதம் ஏறவே வேண்டாம், ஒரு எட்டுப்பக்க டைஸும் 2ம் என்றால் சராசரி ஆறரை. இப்போது அதே 76 ஹிட் பாயின்ட் யானையைக் கொண்டுவாருங்கள். அதன் 19 சேதம் முதல் லெவல் ஆளை ஒரு மோதலில் விழுத்தும். 6ஆம் லெவல் ஆள் ஒரு மோதலைத் தாங்குவார், ஒரே ஒரு ஹிட் பாயின்டோடு. இரண்டாவது மோதலுக்கு முன் ஒதுங்கியாகவேண்டும். நாலு பேர் 6ஆம் லெவலில் நின்று அடித்தால் நாலைந்து சுற்றில் யானை விழலாம், அவர்களிலும் ஒருவராவது விழுவார். 60 அடிப் பனையின் சராசரி 21, அவர்களிடம் இருப்பது 20. பனை கடைசிவரை பனையாகவே இருக்கும்.

வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகுப்புகளையும் வரலாற்றையும் எழுத முன்பு இந்த யானைச் சண்டையை 1, 3, 6 ஆகிய லெவல்களில் டைஸ் உருட்டி ஆடிப் பாருங்கள். 6இல் மிக எளிதாக முடிந்தால் ஆட்களின் சேதத்தைக் குறையுங்கள். யானையின் ஹிட் பாயின்டைக் கூட்டினால் முதல் லெவல் குழு ஊராரோடு சேர்ந்து வந்தாலும் ஒன்றும் செய்யமுடியாமல் போகும்.

இலக்கம் இவ்வளவு குறைவாக ஏறினால் லெவலுக்கு என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். காரியங்களைக் கொடுங்கள். 2ஆம் லெவலில் யானைத் தடத்தைப் பார்த்து எத்தனை, எப்போது போனது, குட்டி இருக்கிறதா என்று கேம் மாஸ்டரிடம் கேட்கும் உரிமை, டைஸ் இல்லாமல் உண்மையான பதில். 3இல் காட்டில் இரவு தங்கினால் குழுவை யாரும் திடீரென்று தாக்கமுடியாது. 4இல் பழகிய யானை ஒன்று. 5இல் ஒரு ஊர் உங்கள் சொல்லுக்கு ஆள் அனுப்பும், பன்னிரண்டு பேர். 6இல் ஒரு குளம்: துருசை (மதகை) எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் விடுவது என்று நீங்கள் சொல்லலாம், சொல்வதால் வரும் பகையும் உங்களுடையதே. பழைய டி அன்ட் டியின் 9ஆம் லெவல் பிரபுவை இப்படி 5க்கும் 6க்கும் இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆடுபவர்கள் அந்த இடத்துக்கு வந்துசேரவேண்டும், வழியில் களைத்து நின்றுவிடக்கூடாது.

ஆபத்தை இடத்தில் வையுங்கள், ஆடுபவரின் லெவலில் வைக்காதீர்கள். குளக்கட்டுக்குப் பக்கத்தில் நரியும் பன்றியும், பற்றைக்காட்டைத் தாண்டினால் கரடி, பாலையும் முதிரையும் நிற்கும் பெருங்காட்டில் தனிக் கொம்பன். முதல் லெவல் குழு பெருங்காட்டுக்குள் போக ஆசைப்பட்டால் போகட்டும், எங்கே போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

எக்ஸ்பியை எதற்குக் கொடுக்கிறீர்களோ அதையே ஆடுவார்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொற்காசு இருந்த இடத்தில் உயிரோடு பிடித்த யானையை வையுங்கள். கொன்ற யானைக்கு ஒன்றுமில்லை, திறைக்கு அதை எடுக்கமாட்டார்கள். வயலில் மிஞ்சிய நெல்லுக்குக் கொடுங்கள், தீர்த்துவைத்த தண்ணீர் வழக்குக்குக் கொடுங்கள். முதல் இரண்டு ஏற்றம் சீக்கிரம் வரட்டும். ஐந்தாம் பதிப்பிலும் 2ஆம் லெவலுக்கு 300, 3க்கு 900 என்று தொடக்கத்தைச் சுலபமாக வைத்துவிட்டு 4க்கு 2,700, 5க்கு 6,500 என்று நீட்டுகிறார்கள். புதியவருக்கு விதி பழகும் காலம் அது. பிறகு மெதுவாகப் போகலாம்.

கடைசியாக, ஒரு நடைமுறைக் காரணமும் தட்டையான ஏற்றத்துக்குச் சாதகமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு குழு ஆண்டு முழுக்க அதே ஆட்களோடு இருப்பது அரிது. ஒருவர் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ படிக்கப் போவார், ஒருவருக்கு வெட்டுக் காலத்தில் வயலை விட்டு வரமுடியாது, விடுமுறைக்கு வந்த ஒருவர் நானும் இருக்கட்டுமா என்று கேட்பார். செங்குத்தான விளையாட்டில் 9ஆம் லெவல் குழுவுக்குள் 1ஆம் லெவல் ஆளை விடமுடியாது, அவர் எதையும் அடிக்கவும் முடியாது, ஒரு அடியைத் தாங்கவும் முடியாது. நான் சொன்ன கணக்கில் 1ஆம் லெவல் ஆளின் தாக்கும் எண் மற்றவர்களைவிட 2 குறைவு, ஹிட் பாயின்டில் பாதி. அவர் எறிகிற ஈட்டியும் படும். வருகிறவருக்குத் தாளில் எதையும் கூட்டிக் கொடுக்காமல் 1ஆம் லெவலிலேயே உட்காரவைக்கலாம், பழையவர்களின் ஏற்றத்துக்கும் மரியாதை இருக்கும்.